தாயகம் திரும்பியோர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், இந்தக் குளிரிலும் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்த பெரியவர்களுக்கும், உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு வந்தபோது நம் குடும்பங்களுக்குக் கிடைத்த பழைய குடும்ப அட்டைகளை (ரேஷன் அட்டை அல்ல) தேடும் வேலைதான் இந்த ஆண்டு நம்மை அதிகம் அலைய வைத்தது.

பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், தாத்தாவின் குடும்ப அட்டையைக் கொண்டுவா என்கிறார்கள். கப்பலேறுமுன் கண்டியில் கொடுத்த அட்டை அது. மண்டபம் முகாமில் வந்து இறங்கியதும், மறுவாழ்வு உதவி பெற்றதும் அதில்தான் இருக்கிறது. சில வீடுகளில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சில வீடுகளில் லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு, ஒழுகி எழுத்தே அழிந்துவிட்டது.

அட்டையைக் கேட்டுப் போனால் பெரியவர்கள் மனதைத் திறந்துவிடுகிறார்கள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, நம் சனத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். நம்மில் யாரையும் கேட்டுப் போட்ட கணக்கில்லை அது. ஒரே வீட்டில் அண்ணன் இந்தியா, தங்கச்சி சிலோன் என்றானது. கப்பலேறத் தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு நம் சனம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. "ஸ்டேஷன்ல அக்கா கையை விட்டேன், அப்புறம் பார்க்கவே இல்லை" என்று ஒரு பாட்டி சொன்னார். எழுதிக்கொண்டிருந்த நம் தம்பி நோட்டை மூடிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். அன்று வேறு வீட்டுக்குப் போகவில்லை.

நமக்காகவே 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில் இன்று நம் பேரப்பிள்ளைகள் அதிகம் இல்லை. திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். கொழுந்துக் கூலியை நம்பி இருங்கள் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில் தாத்தாவின் தகரப் பெட்டியைப் பழைய சாமானோடு போட்டுவிடுகிறார்கள். அட்டை அதற்குள்தான் இருக்கும். இந்த ஆண்டு இரண்டு வீடுகளில் இப்படி ஆனது, தாங்க முடியவில்லை.

சரி, உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். கீழே இறங்கிப் போகும் குடும்பங்கள் போகுமுன் அட்டையை எடுத்து வாருங்கள். சங்கச் செலவில் இரண்டு நகல் எடுத்துத் தருகிறோம். ஒன்று உங்களுக்கு, ஒன்று நம் பீரோவில் இருக்கும்.