புல் வெட்டும் இயந்திரத்துக்கு உத்தரவாதச் சேவை மறுக்கப்பட்டது குறித்த புகார்

அனுப்புநர்
தென்னை விவசாயி,
பொள்ளாச்சி வட்டம், கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் பழுதை ஆயில் கலவைத் தவறு எனக் கூறி உத்தரவாதம் மறுத்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2025 ஜூன் மாதம் தங்கள் நிறுவனத்தின் பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக் புல்வெட்டியை ஓராண்டு உத்தரவாதத்துடன் வாங்கினேன். மூன்று ஏக்கர் தோப்பில் மரத்தடிப் புல்லை நைலான் நரம்பு கொண்டு வெட்டுவதைத் தவிர வேறெதற்கும் அதைப் பயன்படுத்தியதில்லை. நவம்பர் முதல் வாரத்தில் கோளாறு தொடங்கியது. காற்றைக் குறைக்கும் சோக்கைப் போட்டுக் கயிற்றை இழுத்தால் இயந்திரம் கிளம்புகிறது, மெதுவாக ஓடவும் செய்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் திணறி நின்றுவிடுகிறது. சோக்கைப் பாதி மூடி வைத்தால் மட்டும் ஓரளவு வேகம் எடுக்கிறது.

ஏர் ஃபில்டரைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தினேன். தொட்டிக்குள் இருக்கும் பெட்ரோல் ஃபில்டரை மாற்றினேன். மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கலாம் என்று அதைத் தளர்த்தியும் ஓட்டிப் பார்த்தேன். பலனில்லாமல் போன பின்பே தங்கள் சேவை மையத்தில் ஒப்படைத்தேன். ஒன்பது நாட்கள் வைத்திருந்தவர்கள், ஆயில் கலவை தவறு, எனவே உத்தரவாதம் பொருந்தாது என்று ஒரே வரியில் எழுதித் தந்து, சோதனைக் கட்டணம் 450 ரூபாயும் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் கார்புரேட்டர் திருகுகளின் மேலிருந்த பெயிண்ட் அடையாளம் கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்தது. திறந்தே பாராமல் செய்த சோதனை எத்தகையது என்பதைத் தாங்கள்தான் விளக்க வேண்டும்.

கையேட்டில் உள்ள 25:1 விகிதப்படி, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலை அளவுக் குப்பியில் அளந்தே கலக்கிறேன். ஆயில் குறைந்திருந்தால் பிஸ்டனில் உராய்வுக் கோடுகள் விழுந்திருக்கும். மிகுந்திருந்தால் ஸ்பார்க் பிளக் கருத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்திருக்கும். மறுப்பு எழுத்தில் கிடைத்த பிறகு, உள்ளூர் மெக்கானிக் சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது பிஸ்டனில் ஒரு கோடும் இல்லை, பிளக்கோ வெளுத்திருந்தது. வெளுத்த பிளக்கும், சோக் மூடினால் ஓடுவதும் பெட்ரோல் போதவில்லை என்பதையே காட்டுகின்றன. கார்புரேட்டரைத் திறந்தபோது, வளைந்து கொடுக்க வேண்டிய டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு அப்பளம் போல விறைத்திருந்தது. பெட்ரோல் குழாயும் தொட்டியோடு சேரும் இடத்தில் வெடித்திருந்தது.

இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் சாதாரண பெட்ரோல் 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதும், அதைத் தாங்கும்படி தயாரிக்கப்படாத ரப்பர் பாகங்களைக் கெடுக்கும் என்பதும் இயந்திரம் தயாரிக்கும் தாங்கள் அறியாததல்ல. ஆனால் கையேட்டில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தக் கையேடும் தமிழில் இல்லை. ஒருமுறை கலவையைப் பத்து நாள் தொட்டியிலேயே விட்டிருந்தேன், அதை மறைக்கவில்லை. ஆனால் முப்பது நாளுக்கு மேல் நிறுத்தினால்தான் தொட்டியைக் காலி செய்யச் சொல்கிறது தங்கள் கையேடு.

ஆகவே, எத்தனால் தாங்கும் டயாபிரமும் பெட்ரோல் குழாயும் கட்டணமின்றிப் பொருத்தித் தந்து, 450 ரூபாயைத் திருப்பித் தருமாறும், மறுப்புக்கான காரணத்தைச் சோதனை விவரங்களுடன் எழுத்தில் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என முறையிடுவேன்.

வாங்கிய ரசீது, மறுப்புச் சீட்டு ஆகியவற்றின் நகல்களையும், பிளக், பிஸ்டன், டயாபிரம் ஆகியவற்றின் புகைப்படங்களையும் இணைத்துள்ளேன். கழற்றிய பாகங்களைத் தனி உறையில் பத்திரப்படுத்தியிருக்கிறேன். தங்கள் பொறியாளர் எந்த நாளிலும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்