நினைவு மீட்டல் நோயன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் மருத்துவப் பக்கத்தில், முதியோர் ஓயாமல் பழங்கதை பேசுவது மறதி நோயின் அறிகுறி என்று ஒரு வரி வெளியாகியிருந்தது. படித்த நாள் முதல் மனம் ஆறவில்லை. முதுமையில் கடந்ததை மீட்டுப் பார்ப்பது மூளைத் தளர்ச்சியன்று, வாழ்ந்த வாழ்வைச் சீர்தூக்கும் இயல்பான மனச்செயல் என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963ஆம் ஆண்டிலேயே எழுதியதைத் தாங்கள் அறியாதவரல்லர்.

மறதி நோயை நான் வீட்டிலேயே பார்க்கிறேன். என் தமக்கையார் காலையில் போட்ட குளிசையை மத்தியானத்துக்குள் மறந்துவிடுகிறார். ஆனால் காங்கேசன்துறையில் ரயிலேறிய நாள்களைக் கேட்டால், மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், இணுவில், கோண்டாவில், கொக்குவில் என்று ஒரு நிலையமும் பிசகாமல் சொல்லி, எந்த நிலையத்தில் எந்தத் தோழி ஏறுவாள் என்பதுவரை வந்து முகம் மலர்கிறார். புதியதைப் பதிக்கும் ஆற்றலே முதலில் தளர்கிறது. இளமையில் பதிந்தவை நெடுநாள் நிலைக்கின்றன. அவருக்கு எஞ்சியிருக்கும் அந்த மகிழ்ச்சியையா நோய் என்கிறீர்கள்?

எனக்கு அந்த நோய் இல்லை. ஆயினும் மண்ணெண்ணெய் மணம் மூக்கில் பட்டால் போதும். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சில துளி எண்ணெய் விட்டு ஏற்றிய விளக்கும், அதன் அருகே குனிந்து படித்த பிள்ளைகளின் முகங்களும் முழுதாக எழுந்து வருகின்றன. நான் தேடாமலே அவை வந்து நிற்பதை இன்றும் வியக்கிறேன். ஒரே வேளையில் நூறு செயல்களில் கவனம் செலுத்தும் சதாவதானி என்று பெயர்பெற்ற நம் புலவர் கதிரைவேற்பிள்ளையின் நினைவாற்றலைப் போற்றும் நாம், வீட்டுக் கிழவியின் நினைவை மட்டும் அலட்டல் என்று தள்ளுவது எவ்வகை நியாயம்?

இந்த வருத்தம் புதிதன்று. தங்கள் இதழில் முதியோர் தம் அனுபவங்களை எழுதிவந்த பகுதி ஒரு சொல் அறிவிப்புமின்றி நிறுத்தப்பட்டது. காரணம் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. பின்னர் அனுப்பிய கட்டுரை பாதியாக வெட்டப்பட்டு வெளிவந்தது. இப்போது எங்கள் வாழ்க்கை தங்கள் தாளில் இடம்பெறுவது மரண அறிவித்தல் பக்கத்தில் மட்டுந்தான், அதுவும் நாங்கள் வாசிக்க முடியாத நாளில். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்துபோன மண் இது. எழுத்தில் இழந்தவற்றுள் சில, இன்னும் முதியவர்களின் நினைவில் இருக்கின்றன. அவற்றையும் கேட்பாரற்று விடலாமா?

அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறும், நிறுத்திய பகுதியை மாதம் ஒருமுறை கால் பக்கமாவது மீண்டும் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோண்டாவில்.