கொண்டுவரத் தெரிந்தவர்களுக்குக் கொண்டுபோகத் தெரியாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடி பிறந்தால் போதும், உங்கள் இதழின் பாதிப் பக்கம் ஆன்லைன் தள்ளுபடி விளம்பரம்தான். பிடிக்காவிட்டால் சுலபமாகத் திருப்பித் தரலாம் என்று ஒரு வரியும் கூடவே வருகிறது. அந்த வரியை நம்பி மாட்டிக்கொண்டவள் நான்.

மிக்ஸிக்கு ஒரு சட்னி ஜார் ஆர்டர் செய்தேன். விலை 749 ரூபாய். எங்கள் மிக்ஸியின் பெயரையும் மாடலையும் போட்டு, இதற்குப் பொருந்தும் என்று எழுதியிருந்தார்கள். வந்த ஜார் மிக்ஸியில் உட்காரவே இல்லை. அடியில் இருக்கும் கப்ளர் பழையதைவிட ஒரு சுற்று பெரிது. மாமியார் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சில்லறை போட்டு வைக்க ஆகும்" என்றார்.

சரி, திருப்பிவிடலாம் என்று செயலியைத் திறந்தால், உங்கள் பின்கோடில் பிக்கப் வசதி இல்லை, நீங்களே கூரியரில் அனுப்புங்கள் என்று வந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருக்கும் கூரியர் கடையில் எடை போட்டு 160 ரூபாய் கேட்டார்கள். நிறுவனம் தருவது 100 ரூபாய் வரைதான், அதுவும் ரசீதைப் படம் எடுத்து அனுப்பினால். அவர்கள் தப்புக்கு நான் 60 ரூபாய் அழ வேண்டும். கடைக்குப் போய்வந்த ஆட்டோ தனி.

மகள்தான் 2020-இல் வந்த மின்வணிக விதிகளைத் தேடி எடுத்தாள். குறையுள்ள பொருள், போலி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாதது, இவற்றைத் திரும்ப வாங்க விற்பவர் மறுக்கக் கூடாது. திருப்பி அனுப்பும் செலவைப் பற்றிய விவரத்தை வாங்குபவர் கண்ணில் படும்படி தெளிவாகச் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று பதில் தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பழைய கப்ளரையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் மகளின் ஸ்கேலைப் போட்டுப் படம் எடுத்து அந்த அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போகப் போகிறோம் என்றும் ஒரு வரி சேர்த்தோம்.

நாலாம் நாள் ஜாரை எடுத்துப்போக ஆள் வந்தார். வந்தவர், அதைக் கொண்டுவந்து கொடுத்த அதே தம்பி! பிக்கப் இல்லை என்றார்களே என்று கேட்டேன். "நான் தினமும் இந்தத் தெருவுக்குத்தான் வர்றேன், அக்கா" என்று சிரித்தார். பணம் முழுசாக வந்துவிட்டது. ஆனால் விதியைத் தேடிப் படித்து மின்னஞ்சல் எழுதப் பிள்ளைகள் இல்லாத வீட்டில் அந்த ஜாரில் சில்லறைதான் விழுந்திருக்கும்.

பொருளில் குறை இல்லை, எனக்குத்தான் மனசு மாறிவிட்டது என்றால் அது வேறு கதை. புடவையின் நிறம் பிடிக்கவில்லை என்று திருப்புகிறவர் கூரியர் கூலி தரட்டும், நியாயம்தான். ஆனால் அதைப் பணம் கட்டும் முன்பே சொல்ல வேண்டாமா? ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான பொருள்களைக் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் திருப்பலாம். அனுப்பும் செலவு பொதுவாக வாங்கியவருடையது. ஆனால் அதை விற்பவர் முன்கூட்டியே சொல்லாமல் விட்டிருந்தால், செலவு அவர் தலையில்.

நம் விதிகளில் இந்தக் கடைசி வரி இல்லை. செலவைத் தெளிவாகச் சொல் என்கிறார்கள். சொல்லாவிட்டால் யார் கட்டுவது என்பது இல்லை. பத்துத் திரை தாண்டி, பொடி எழுத்தில் போட்டுவிட்டு, சொல்லிவிட்டோமே என்று கையைக் கட்டிக்கொள்கிறார்கள். பொருளின் விலைக்குக் கீழேயே, அதே அளவு எழுத்தில், திருப்பினால் இவ்வளவு செலவு, உங்கள் பின்கோடில் வந்து எடுப்போம் அல்லது எடுக்க மாட்டோம் என்று போடட்டும். போடாதவர் அந்தக் கூலியைக் கட்டட்டும். மத்திய நுகர்வோர் துறையின் காதில் இது விழும்படி நீங்களும் எழுத வேண்டும். விளம்பரம் தருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி