முகில் என்ற பூனையை வீட்டுக்கு அழைத்து வந்த மகனுக்கு

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய படங்களை நேற்று இரவு திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் நிற உடம்பு, நாலு வெள்ளைக் கால்கள். முகில் என்ற பெயர் அவனுக்கு நன்றாகப் பொருந்துகிறது. வந்ததிலிருந்து சோபாவுக்கு அடியிலேயே இருக்கிறான், கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறான் என்று கவலைப்பட்டு எழுதியிருந்தாய். அவனை அப்படியே விடு. புது வீடு, புது வாசனை, புது ஆள் என்று எல்லாமே அவனுக்கு ஒரே நாளில் வந்து சேர்ந்திருக்கிறது. முதல் சில நாள் ஒரே ஓர் அறையை அவனுக்குக் கொடு. தண்ணீர், சாப்பாடு, மலமும் சிறுநீரும் கழிக்க மணல் தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி எல்லாம் அங்கேயே இருக்கட்டும். கையை விட்டு வெளியே இழுக்காதே. நீ பாட்டுக்குத் தரையில் உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிரு. அவனாக வந்து உன்னை முகர்ந்து பார்ப்பான். ஆனால் சாப்பிடுகிறானா என்பதை மட்டும் கவனி. முழுசாக ஒரு நாள் வாயில் எதுவும் வைக்கவில்லை என்றால் டாக்டரிடம் பேசு. பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்பிலுள்ள கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலே கெட்டுவிடும். குண்டான பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

இனி சொல்லப்போவது உன்னிடம் நான் இதுவரை சொல்லாத விஷயம். நம் பழைய பூனை பஞ்சுவை நினைவிருக்கிறதல்லவா? நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது போய்விட்டான். திடீரென்று உடம்பு சரியில்லாமல் போய்விட்டது என்று மட்டும் உன்னிடம் சொன்னேன். அது திடீரென்று நடக்கவில்லை, கண்ணா. அதற்கு முன் ஒன்றரை நாளாக அவன் மணல் தட்டுக்குப் போவதும், குந்துவதும், எதுவும் வராமல் எழுந்து வருவதுமாக இருந்தான். நான் பார்த்தேன். மலச்சிக்கல் என்று நினைத்துவிட்டேன். ஒருமுறை மெல்லமாக முனகினான், அடியை நக்கிக்கொண்டே இருந்தான். மறுநாள் மாலை வாந்தி எடுத்துத் துவண்டு படுத்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன். சிறுநீர் வரும் குழாய் அடைத்துவிட்டது, கழிவெல்லாம் ரத்தத்தில் தங்கிவிட்டது, இதயம் தாங்காது என்று சொன்னார்கள். அன்றிரவே போய்விட்டான்.

ஆண் பூனைக்கு அந்தக் குழாய் மிகவும் குறுகல். சிறுநீரில் படியும் நுண்ணிய படிகங்களும் சளியும் சேர்ந்து உருண்டு அதை அடைத்துவிடும். அடைத்தால் சிறுநீர்ப்பையில் நிரம்பும் சிறுநீரின் அழுத்தத்தால் சிறுநீரகம் வேலை நிறுத்தும்; ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும்; அது இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். ஓரிரு நாளில் எல்லாம் முடிந்துவிடும். முகிலும் ஆண். அவன் அடிக்கடி தட்டுக்குப் போய்ச் சிரமப்பட்டு ஒன்றுமே வராமல் திரும்பினால், அது நடு இரவாக இருந்தாலும் காலைவரை காத்திருக்காதே. உடனே கிளம்பு.

வாயில்லா ஜீவன் என்று சொல்கிறோம். பூனை விஷயத்தில் அதற்கு மேலும் ஒன்று உண்டு. பூனை வலியை மறைக்கும். காட்டில் தானும் வேட்டையாடி, பிறருக்கும் இரையாகிற சின்ன விலங்கு அது; நோஞ்சான் என்று காட்டிக்கொண்டால் பிழைக்க முடியாது. அந்தப் பழக்கம் நம் மெத்தையில் தூங்கும் பூனைக்கும் போகவில்லை. கர்ர்ர் என்று குழைவதைக்கூட முழுசாக நம்பாதே. வலியிலும் பயத்திலும்கூட அந்தச் சத்தம் வரும். 2019-இல் மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூனையின் முகத்தை வைத்து வலியை அளக்க ஒரு முறை வகுத்தார்கள். காது எப்படி நிற்கிறது, கண் எவ்வளவு இடுங்கியிருக்கிறது, மூக்கும் வாயும் இறுகியிருக்கின்றனவா, மீசை முடி விறைத்திருக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா என்று ஐந்தைப் பார்க்கிறார்கள். இப்போது முகில் நன்றாக இருக்கும்போதே அவன் முகத்தைப் பார்த்துப் பழகிக்கொள். நல்ல நாளில் எப்படி இருப்பான் என்று தெரிந்தால்தான் கெட்ட நாள் கண்ணில் படும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்தில் வாழ்ந்த ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. அது இரையின் உடம்பிலிருந்தே பெரும்பாலான நீரை எடுத்துக்கொண்டது. ஓர் எலியின் உடம்பில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர்தான். அதனால் பூனைக்குத் தாகம் சுலபத்தில் எடுக்காது. நாமோ பத்து சதவீதம்கூட ஈரமில்லாத உலர் தீனியைக் கிண்ணத்தில் கொட்டிவிட்டு, தேவையானால் குடிக்கும் என்று இருந்துவிடுகிறோம். பஞ்சுவுக்கு நான் செய்தது அதுதான். நாலு கிலோ பூனைக்கு நாளைக்கு ஏறக்குறைய 200 மில்லி நீர் சேர வேண்டும். 85 கிராம் ஈர உணவுப் பவுச் ஒன்றிலேயே 65 மில்லி வரை கிடைத்துவிடும். ஆகவே தினமும் ஒரு வேளையாவது ஈர உணவு கொடு. உலர் தீனியிலிருந்து ஒரே நாளில் மாற்றாதே, ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மாற்று. தண்ணீர்க் கிண்ணம் அகலமாக, விளிம்புவரை நிரம்பியிருக்கட்டும். அதைச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் தள்ளி வை, வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் வை. நீ அனுப்பிய படத்தில் கிண்ணம் மணல் தட்டை ஒட்டியே இருந்தது. இதைப் படித்ததும் அதை நகர்த்திவிடு.

மணல் தட்டு பெரிதாக இருக்கட்டும். அவன் உடம்பின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு. ஒரு பூனைக்கே இரண்டு தட்டு என்பதுதான் நல்ல கணக்கு. வாசனை சேர்த்த மணல் வாங்காதே, நமக்குப் பிடிக்கும் வாசனை அதன் மூக்குக்குத் தாங்காது. சிறுநீர் பட்டால் கட்டியாகும் மணலாகப் பார்த்து வாங்கு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், காலையும் மாலையும் அள்ளும்போது எத்தனை கட்டி, எவ்வளவு பெரிய கட்டி என்று எண்ணலாம். நாலைந்து நாளில் அவனுடைய வழக்கமான கணக்கு உனக்குத் தெரிந்துவிடும். கட்டிகள் பெரிதாகிக்கொண்டே போனால் சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம். குட்டிக் குட்டியாக நிறைய வந்தால், அல்லது கட்டியே இல்லை என்றால், மேலே எழுதியதை நினைவில் வை. தட்டுக்கு வெளியே போனால் திட்டாதே. பெரும்பாலும் ஒன்று தட்டு அழுக்காக இருக்கும், இல்லை உடம்பு சரியில்லாமல் இருக்கும்.

வாரம் ஒருமுறை எடை பார். அவனைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, அப்புறம் நீ மட்டும் ஏறி, கழித்துக்கொள். 200 கிராம் குறைந்தால் என்ன என்று தோன்றும். நாலு கிலோ பூனைக்கு அது 60 கிலோ ஆளுக்கு மூன்று கிலோ குறைவது போல. தூங்கும்போது மூச்சையும் எண்ணிப் பழகு. நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அவசரம்.

வீட்டில் இருக்கக் கூடாதவை சில. லில்லிப் பூ வேண்டவே வேண்டாம். இலை, மகரந்தம், ஏன் அந்தப் பூச்சாடித் தண்ணீர்கூடப் பூனையின் சிறுநீரகத்தை அழித்துவிடும். யாராவது பூங்கொத்து கொடுத்தால் முதலில் அதில் லில்லி இருக்கிறதா என்று பார். உனக்குக் காய்ச்சல் வந்தால் போடும் பாராசிட்டமாலை அவனுக்கு ஒரு துணுக்குகூடக் கொடுக்காதே; அதை முறிக்கும் திறன் பூனை ஈரலுக்கு இல்லை, ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும். நாய்க்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், அதுவும் பூனைக்கு விஷம். வெங்காயம், பூண்டு சேர்ந்த எதுவும் வேண்டாம். பால் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். நூல், ரிப்பன், ஊசி எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடு. நூலை விழுங்கி நுனி வாயிலோ பின்னாலோ தெரிந்தால் பிடித்து இழுத்துவிடாதே, குடல் கிழிந்துவிடும். ஜன்னல்களுக்கு உறுதியான வலை போடு. உயரத்திலிருந்து விழுந்தாலும் பூனைக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்களை நம்பாதே.

தடுப்பூசி, கருத்தடை, குடற்புழு மருந்து இவற்றையெல்லாம் டாக்டர் தேதி போட்டுக் கொடுப்பார், தள்ளிப்போடாமல் செய். ஆனால் டாக்டரிடம் தூக்கிப்போகும் கூடையை அலமாரியில் ஒளித்து வைக்காதே. கதவைத் திறந்து, உன் பழைய துண்டு ஒன்றை உள்ளே விரித்து, எப்போதும் அறையிலேயே வை. அவன் அதில் தூங்கப் பழகினால், அவசரத்தில் அரை மணி நேரம் துரத்த வேண்டியிருக்காது. பஞ்சுவைப் பிடித்துக் கூடையில் அடைக்கவே அன்றைக்கு எனக்கு அவ்வளவு நேரமானது.

ஒரு நாளில் பெரும்பகுதி தூங்குவான், அது சோம்பல் இல்லை. விடியலிலும் அந்தியிலும்தான் வேட்டைக்காரன் விழிப்பான். நீ வேலை முடிந்து வந்ததும் குச்சியில் இறகு கட்டிப் பத்து நிமிடம் விளையாடு. கடைசியில் அதைப் பிடிக்க விடு, பிடித்ததும் சாப்பாடு வை. ஓடி, பிடித்து, தின்று, நக்கிச் சுத்தம் செய்துகொண்டு தூங்கினால்தான் அவனுக்கு நாள் நிறையும். விடிகாலையில் உன் காலைக் கடிப்பதும் குறையும். நகம் கீற ஆடாத கட்டை ஒன்று வை, அவன் முழு உடம்பையும் நீட்டி நிற்கும் அளவுக்கு உயரமாக.

அப்புறம், அவன் உன்னைப் பார்க்கும்போது முறைத்துப் பார்க்காமல் கண்ணை மெல்ல மூடித் திற. பூனைகள் அதை நட்பாக எடுத்துக்கொள்கின்றன. பஞ்சு உன்னிடம் மட்டும்தான் அப்படிக் கண் சிமிட்டுவான். நீ அதைக் கவனித்தாயோ இல்லையோ, நான் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எடை பார்த்துவிட்டு எனக்குப் போன் செய். எவ்வளவு என்று இங்கேயும் ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்கிறேன். அப்பாவும் கேட்டுக்கொண்டே இருக்கிறார், முகில் வெளியே வந்துவிட்டானா என்று.

அன்புடன்,
அம்மா