திரையை மூடிவிட்டுப் பழைய பக்கங்களைப் புரட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. தீபாவளி மலரை வடிவமைக்கும் வேலை உன் தலையில் விழுந்திருக்கிறது, எதைப் போட்டாலும் ஏற்கெனவே எங்கேயோ பார்த்த மாதிரியே வருகிறது என்று புலம்பினாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய்.

நீ பார்ப்பதெல்லாம் உன் வயதுக்காரர்கள் திரையில் செய்து திரையிலேயே போட்டவை. ஓவியர் சில்பி எதைப் பார்த்து வரைந்தார்? கோயிலுக்கே போய், சிலைக்கு எதிரே உட்கார்ந்து வரைந்தார். விகடனில் வந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' பக்கங்களை அம்மா பைண்டு செய்து வைத்திருக்கிறாள். அடுத்த முறை வரும்போது பூதக்கண்ணாடி வைத்துப் பார். அந்தக் காலத்தில் பேனா ஓவியம் துத்தநாகத் தகட்டில் லைன் பிளாக், அதாவது கோடுகள் மேடாக நிற்கும் அச்சுக்கட்டை ஆகித்தான் மெஷினுக்கு வரும். மை கறுப்பு ஒன்றுதான், சாம்பல் நிறம் கிடையாது. நிழல் வேண்டுமென்றால் கோடுகளை நெருக்க வேண்டும், வெளிச்சம் வேண்டுமென்றால் விலக்க வேண்டும். ரொம்ப நெருக்கினால் மை அடைத்துக்கொண்டு அப்பிவிடும். அதையும் மனதில் வைத்துக்கொண்டு போட்ட கோடுகள் அவை.

கோபுலு வேறு ரகம். வசனமே இல்லாமல் சிரிப்புப் படம் போட்டவர். வலது கை பக்கவாதத்தில் விழுந்த பிறகு இடது கையால் வரையப் பழகினார். இதை உனக்குப் புத்தி சொல்ல எழுதவில்லை, நினைவு வந்தது, எழுதினேன்.

எழுத்துக்கு வருகிறேன், அச்சுக் கோப்பதுதானே என் தொழில். நீ அனுப்பிய மாதிரிப் பக்கத்தில் வரிகள் ஒன்றையொன்று இடிக்கின்றன. ஆங்கிலத்துக்கு 10 பாயிண்ட் எழுத்து, 12 பாயிண்ட் வரி உயரம் என்று வைக்கிற கணக்கை அப்படியே தமிழுக்கும் வைத்திருக்கிறாய். நமக்கு மேலே 'தீ'யின் சுழி, கீழே 'ளூ'வின் வால். மேல்வரி வால் கீழ்வரிச் சுழியில் போய் முட்டுகிறது. வரி உயரத்தை 14 வைத்துப் பார், பக்கம் மூச்சு விடும்.

பத்தியின் அகலமும் போதாது. 'தொழிலாளர்களுக்கும்' என்ற ஒரு சொல்லே முக்கால் வரியைப் பிடித்துக்கொள்கிறது, மிச்சத்தில் பெரிய ஓட்டை. ஈய எழுத்துகளை ஸ்டிக்கில், அதாவது கைச்சட்டத்தில், வரிவரியாகக் கோக்கும்போது நாங்கள் சொல்லை உடைப்போம், கோடு கூடப் போட மாட்டோம். ஆனால் புள்ளி எழுத்தில் வரி தொடங்கக் கூடாது. 'தொழிலா' என்று நிறுத்தி அடுத்த வரியில் 'ளர்களுக்கும்' வரலாம். 'தொழிலாள' என்று நிறுத்தி 'ர்களுக்கும்' என்று தொடங்கினால் புரூஃப் பார்ப்பவர் திருத்தப் படியைத் திருப்பி அனுப்பிவிடுவார். உன் கம்ப்யூட்டருக்கு இது தெரியவில்லை, மூன்றாம் பக்கத்தில் பார்த்தேன்.

தலைப்புக்கு ரெடிமேட் ஃபான்ட் எதுவும் வேண்டாம். ஓவியர் ஆதிமூலம் சிறுபத்திரிகைகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் எழுதிய எழுத்துகளைத் தேடிப் பார். அவர் ஓவியத்தின் கோடுதான் எழுத்திலும் ஓடும். கையால் எழுது, நூறு தடவை கோணலாக வரட்டும். 1978க்கு முன் வந்த இதழ்கள் கிடைத்தால் அந்தப் பழைய 'லை', 'னை'களில் யானைத் துதிக்கை மாதிரி வரும் வளைவைக் கவனி. எழுத்துச் சீர்திருத்தம் வந்ததும், ஈய எழுத்துகளைப் பிரித்துப் போட்டு வைக்கும் கேஸில் எங்களுக்கு எத்தனையோ அறை மிச்சமானது. வேலைக்கு அது நல்லதுதான். தலைப்பு எழுதுகிறவனுக்கு ஒரு அழகான வளைவு போயிற்று என்பது என் வருத்தம்.

சென்னை வந்தால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போ. கோட்டையூர்க்காரரான முத்தையா சேர்த்து வைத்தது. புத்தகம் மட்டுமில்லை, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் எல்லாம் உண்டு. உனக்கு வேண்டியது நோட்டீஸில்தான் அதிகம் கிடைக்கும் என்று நினைக்கிறேன். இடம் பத்தாமல் நாலைந்து அளவு எழுத்தை ஒரே தாளில் அடுக்கியிருப்பார்கள்.

திருத்திய பக்கத்தை வாட்ஸப்பில் அனுப்பாதே. அசல் அளவில் பிரிண்ட் எடுத்துத் தபாலில் போடு. சிவப்புப் பேனா வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா