மலடு என்று விற்பதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிடாயுடன் பலமுறை சேர்ந்தும் சினை பிடிக்காத ஆட்டை மலடு என்று கருதி இறைச்சிக்கு விற்றுவிடுகிறோம், நானும் விற்றிருக்கிறேன். ஆனால் அவற்றுள் சில ஆடுகளாவது நாட்பட்ட ஒட்டுண்ணித் தாக்குதலால் நலிந்தவையாக இருக்கக்கூடும் என்பதை ஆடு வளர்ப்போர் அறிய வேண்டும்.

ஆட்டின் நான்காம் வயிற்றில் தங்கி இரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழு ஒவ்வொன்றாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லி இரத்தம் வீணாகிறது. ஆயிரம் புழுக்கள் இருந்தால் 50 மில்லி. தின்ற தீவனத்தின் சத்து இந்த இழப்பை ஈடுகட்டவே செலவாகிவிடுவதால், இளம் ஆடுகள் பருவத்துக்கு வரத் தாமதமாகிறது. இரட்டைக் குட்டி ஈனக்கூடிய ஆடு ஒற்றைக் குட்டியோடு நின்றுவிடுகிறது அல்லது சினையே பிடிப்பதில்லை. ஐந்து மாதச் சினைக்காலத்தில் கரு பெரிதும் வளர்வது கடைசி ஆறு வாரங்களில்தான். அதே காலத்தின் இறுதியில், ஈனுவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்து, தாயின் எதிர்ப்புத்திறன் தளர்ந்து புழுக்கள் பெருகுகின்றன. குட்டி எடை குறைந்து பிறக்கிறது, பாலும் குறைகிறது. தாயின் புழுக்கையோடு மேய்ச்சல் நிலத்தில் விழும் முட்டைகளிலிருந்து வெளிவரும் இளம்புழுக்கள் பின்னர் அந்தக் குட்டியையே தாக்குகின்றன.

கிடாயை நாம் சோதிப்பதே இல்லை. நுண்ணிய ஒட்டுண்ணிகளால் வரும் சொறி விரைப்பையில் பரவினால் அங்கே வெப்பம் கூடி விந்தணுக்கள் கெடுகின்றன. புதிய விந்தணுக்கள் உருவாக ஏறத்தாழ ஏழு வாரங்கள் ஆகும் என்பதால், சொறி ஆறியவுடனே கிடாயைப் பெட்டை ஆடுகளோடு சேர்ப்பதில் பயனில்லை.

பூனையின் கழிவு கலந்த தீவனம், நீர் வழியே பரவும் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி இன்னும் ஏமாற்றக்கூடியது. சினையின் தொடக்கத்தில் தொற்றினால் கரு கருப்பைக்குள்ளேயே கரைந்துவிடும். வளர்ப்பவருக்கோ ஆடு சினையே பிடிக்கவில்லை என்றுதான் தோன்றும். பிற்பட்ட மாதங்களில் தொற்றினால் கரு சிதையலாம் அல்லது குட்டி நலிந்து பிறக்கலாம். இது மனிதருக்கும் தொற்றும் என்பதால் கலைந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் கையுறையின்றித் தொடக் கூடாது. கருவுற்ற பெண்கள் ஈனும் ஆடுகளின் அருகிலேயே செல்லக் கூடாது.

இதற்காக எல்லா ஆட்டுக்கும் கண்மூடித்தனமாகப் புழுநீக்க மருந்து ஊற்றுவதும் தவறு. குறைந்த அளவில் அடிக்கடி கொடுத்தால் மருந்துக்கு மசியாத புழுக்களே மிஞ்சும். அல்பெண்டசோல் என்னும் புழுநீக்க மருந்தைச் சினையின் முதல் மாதத்தில் கொடுத்தால் கரு ஊனமாகக்கூடும். இரத்தம் குறைந்து கீழிமையின் உட்புறம் வெளுத்திருக்கிறதா என்று பார்த்து, புழுக்கையைப் பரிசோதித்து, கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தை எடைக்கேற்பக் கொடுப்பதே முறை. எந்தப் பருவத்தில் எந்தச் சோதனை செய்ய வேண்டும் என்று கால்நடை மருத்துவர் ஒருவரைக் கொண்டு தங்கள் வேளாண் பக்கத்தில் விரிவாக எழுதச் செய்யுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆடு வளர்க்கும் வாசகர் ஒருவர்