லியானெரா நாலைக் காணோம்

சான் பெர்னாண்டோ, பம்பாங்கா, பிலிப்பைன்ஸ்
டிசம்பர் 19

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தோடு நாலு லியானெரா தகர அச்சுகளில் ஊபே ஹலாயா, நம் ராசவள்ளிக்கிழங்கு இனிப்பு, வந்திருக்கும். நம் கடையில் காணாமல் போனவைதான். துப்பறியும் கதைகளாகப் படித்து வளர்ந்தவள் நீ. எடுத்தது யாரென்று சொல் பார்க்கலாம்.

டிசம்பரில் நம் கடை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பகலெல்லாம் தூரோ-தூரோ கூட்டம், ஆள் விரல் நீட்டும் சட்டியிலிருந்து அள்ளி வைத்தே கை ஓய்ந்துவிடும். ராத்திரியில்தான் ஹலாயா. ராசவள்ளிக்கிழங்கை வேகவைத்துத் துருவி, தேங்காய்ப்பாலும் டின் பாலும் வெண்ணெயும் விட்டுக் கிண்டு கிண்டென்று கிண்டினால்தான் சட்டியை விட்டுச் சுருண்டு வரும். 15ஆம் தேதி ராத்திரி, நோச்சே புவேனா என்ற கிறிஸ்துமஸ் இரவு விருந்து ஆர்டருக்காக 12 லியானெரா நிரப்பி ஃபிரிட்ஜில் வைத்தேன். விடிந்தால் 11. மறுநாள் 10.

பூனை என்றார் அப்பா. எந்தப் பூனை ஃபிரிட்ஜ் கதவைத் திரும்பச் சாத்தும்? மூன்றாம் ராத்திரி அவரே காவலுக்கு உட்கார்ந்தார்; குறட்டைதான் மிச்சம். கல்லாவிலோ தினமும் ஒரு லியானெராவின் விலை கூடுதலாக இருந்தது. நான் எண்ணியதில் பிசகு என்று விட்டுவிட்டேன்.

பாத்திரம் கழுவும் பையனின் நாக்கு ஊதாவாக இருந்தது. கேட்டுவிட்டேன். அவன் பேசாமல் சட்டியைக் காட்டினான். ஒட்டியதை வழித்துத் தின்னச் சொன்னதே நான்தான். அவன் முகம் சுண்டிப்போனது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மத்தியானம் அவனை உட்காரவைத்து, என் கையால் சோறு போட்டு மன்னிப்புக் கேட்டேன்.

இன்று விடிகாலை சிம்பாங் கபிக்கு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாள் பூசைக்கு, லோலா பாட்டியோடு போனேன். அவருடைய வெள்ளை ஜெபமாலையில் இரண்டு மூன்று மணிகள் மட்டும் ஊதா.

"பூசையில் பேசாதே" என்றார்.

வெளியே பிபிங்கா அரிசிக் கேக் சுடும் அடுப்பருகே நின்று எல்லாம் சொன்னார். தினமும் பூசைக்குக் கிளம்புமுன் ஒன்றை எடுத்துப் பக்கத்து வீட்டு ஃபிரீசரில் வைத்திருக்கிறார். அவர்கள் மகள் துபாய் திரும்புகிறாளே, அவளிடம் கொடுத்துவிட. விலையைக் கல்லாவில் போட்டதும் அவர்தான். போன மாதம் உனக்கு ஹலாயா அனுப்பலாமா என்று கேட்டவரிடம், "அங்கே கிடைக்காததா, பெட்டி எடைதான் ஏறும்" என்று சொல்லிவிட்டேன். அப்போது அவர் ஒன்றும் பேசவில்லை.

அந்தக் காசை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சாப்பிட்டதும் முதலில் லோலாவைக் கூப்பிடு.

லியானெராவை யாரிடமும் கொடுத்து அனுப்பாதே. நீ வரும்போது எடுத்து வா. இங்கே எட்டுதான் இருக்கிறது.

அம்மா